தங்கச்சிக்குத் துபாஷியாக இருந்த கதை

1

காலையில் மழை. பெர்கன் நகரத்தில் இதையெல்லாம் செய்தி என்று எழுதினால் சிரிப்பார்கள். இங்கே மழை பெய்யாத நாளைத்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். நார்வேக்கு வந்து பதினேழு வருடமாகியும் குடையை எங்கேயாவது மறந்து வைத்துவிட்டு நனைந்துகொண்டு வீடு வந்து சேரும் தூத்துக்குடிக்காரி நான். உப்புக் காயும் ஊரில் பிறந்தவளுக்குக் குடை எடுக்கிற புத்தி எங்கிருந்து வரும்?

எழுந்ததும் போனில் இரண்டு செய்திகள் கிடந்தன. ஒன்று நான் வேலை பார்க்கும் அலுவலகத்திலிருந்து: பத்து மணி, மருத்துவமனை, பெண்கள் பிரிவு, தமிழ். இன்னொன்று தங்கச்சி ஜெனிட்டாவிடமிருந்து: "அக்கா, இன்னையோட ஒரு வருசம். நல்லா இருக்கேன். கஸ்டம்ஸ் பரீட்சை பாஸ்."

அவளுடைய கதையை எழுதட்டுமா என்று நான் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பரீட்சை பாஸான சந்தோஷத்தில் இருக்கிறாள், இதுதான் சமயம் என்று மறுபடி கேட்டேன். பதில் உடனே வந்தது. "எழுதிக்கோ. பேர மாத்திரு. அழுகாச்சியா எழுதாத. மாமிய வில்லியா ஆக்கிராத, பாவம். எனக்குக் குழம்பு வைக்கத் தெரியாதுன்னு மட்டும் எழுதிராத."

நாலு கட்டளை. மூன்றைக் காப்பாற்றுகிறேன். அவளுக்குக் குழம்பு வைக்கத் தெரியாது.

2

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். கப்பல்காரனுக்கும் கரைக்காரனுக்கும் நடுவில் நின்று இரண்டு பாஷையும் பேசியவனை அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் துபாஷி என்பார்கள். என் வேலையும் அதுதான். கப்பலுக்குப் பதிலாக ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அரசாங்க அலுவலகம். நார்வே பாஷை தெரியாத தமிழர்களுக்கு, பெரும்பாலும் யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு, நடுவில் உட்கார்ந்து பேசுகிறேன். அவர்களும் சமையலறையைக் குசினி என்பார்கள், நானும் குசினி என்பேன். அந்த ஒரு சொல்லிலேயே பாதிப் பேர் எனக்குச் சொந்தமாகிவிடுவார்கள்.

இதற்கும் ஒரு பரீட்சை உண்டு. இரண்டாம் தடவைதான் தேறினேன். அதற்குப் பிறகு பெயர்ப்பட்டியலில் சேர்க்க எத்தனை படிவம், எத்தனை சான்றிதழ்! இந்த நாட்டில் மூச்சு விடுவதற்குத்தான் இன்னும் விண்ணப்பம் வரவில்லை. ஆனால் வேலையின் விதிகள் எளிமையானவை. சொன்னதை முழுக்கச் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அவர்கள் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்ல வேண்டும். அறையை விட்டு வெளியே வந்ததும் மறந்துவிட வேண்டும்.

ஆகவே அந்த அறைகளில் யார் என்ன சொன்னார்கள் என்பது இங்கே வராது. நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது, அது என் சொத்து, அதைச் சொல்லலாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. கர்ப்பமாக இருக்கும் ஒரு பெண் அதைத் தொடர்வதா வேண்டாமா என்று யோசிக்க வந்திருந்தார். நர்ஸ் அவரைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் திரும்பி, வெகு மரியாதையாக, "வீட்ல என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன். அந்தப் பெண்ணும் வீட்டில் யார் யார் என்ன சொன்னார்கள் என்று சொல்லத் தொடங்கினார். நானும் ஒன்று விடாமல் நார்வே பாஷையில் ஒப்பித்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நர்ஸ் என் பக்கம் திரும்பினார். "நான் இவரைப் பற்றி அல்லவா கேட்டேன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சத்தியமாக நான் வேண்டுமென்று மாற்றவில்லை. பிள்ளை விஷயத்தில் ஒரு பெண்ணிடம் இப்படித்தானே கேட்போம்? உனக்கு என்ன வேண்டும் என்று என்னிடமே யாரும் கேட்டதில்லை. "இது மொழிபெயர்ப்பாளரின் தவறு" என்று இரண்டு பாஷையிலும் சொல்லிவிட்டு, கேள்வியை மறுபடி ஒழுங்காகக் கேட்டேன். காது இரண்டும் சுட்டது.

அதற்குப் பிறகு நான் மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து வருடம் அப்படித்தான் நினைத்தேன்.

3

போன வருடம் ஜூலையில் மகள் சாராவோடு ஊருக்குப் போனேன். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்கு அம்மா அப்பா இல்லை, ஊர் என்றால் ஜெனிட்டாவின் வீடுதான். அவளுக்கு அப்போது வயது முப்பத்து நாலு, இரண்டு பையன்கள். துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும், எடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜெண்டின் ஆபீஸில் காகிதம் பார்க்கும் வேலை. அவள் கண்ணில் படாமல் ஒரு கையெழுத்து தப்ப முடியாது என்று அங்கே பேச்சு. புருஷன் சேவியர் கப்பலில் போசன், தளத்து மாலுமிகளுக்கு மேஸ்திரி. ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். நாங்கள் போவதற்கு ஒரு மாதம் முன்புதான் கப்பலேறியிருந்தான். சேவியரின் அம்மா, நாங்கள் எல்லாரும் மாமி என்று கூப்பிடுபவர், அவர்களோடுதான் இருக்கிறார்.

போன மூன்றாம் நாள் சீலா மீனைக் கழுவிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்: "அக்கா, நாள் தள்ளிப் போச்சு. கிட்ல பாத்துட்டேன்."

"சேவியருக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல. எனக்கே என்ன வேணும்னு தெரியல. அதுக்குள்ள அவருக்குச் சொல்லி என்ன செய்ய?"

இரண்டாவது பிரசவத்தில் அவளுக்கு பிரஷர் ஏறி உயிருக்கே மோசமாகி இருந்தது. அது எனக்குத் தெரியும். மறுநாள் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு ஊரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நானும் கூடப் போனேன். கூப்பிட்டாளா என்றால் இல்லை. நான் மூத்தவள், கூப்பிடாமலே போவேன்.

வரவேற்பில் இருந்த பெண் படிவத்தைப் பார்த்தபடி, "ஹஸ்பண்ட் வரலியாக்கா? சைன் வேணுமே" என்றாள்.

"அவரு கப்பல்ல இருக்காரு. இப்ப எந்தக் கடல்லன்னு எனக்கே தெரியாது."

"மாமியாராச்சும் வந்து போடச் சொல்லுங்க."

ஜெனிட்டா கைப்பையை மேஜை மேல் வைத்தாள். எனக்குத் தெரியும், இது அவள் ஆபீஸ் முகம். "பத்து வருசமா காயிதம் பாக்குதேன்மா. எந்தக் காயிதத்துக்கு யாரு சைன்னு ஒரு ரூல் இருக்கும்லா? அதக் காட்டு, கூட்டிட்டு வாரேன்."

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் வந்தார். காயல்பட்டினத்துக்காரர், பெயர் ஃபரீதா. ஆலோசனை சொல்லும் பொறுப்பு அவருடையது. "பதினெட்டு வயசு முடிஞ்சிருந்தா அவங்க கையெழுத்து மட்டும் போதும்மா. வேற யாரு சைனையும் சட்டம் கேக்கல" என்று அந்தப் பெண்ணிடம் தணிந்த குரலில் சொன்னார். ஜெனிட்டாவை உள்ளே அழைத்தார். நானும் எழுந்தேன்.

"நீங்க யாரு?"

"அக்கா."

"நீங்க வெளிய இருங்க."

பத்து வருடம் இந்த மாதிரி அறைகளுக்கு உள்ளே சம்பளத்துக்கு உட்கார்ந்த என்னை வெளியே உட்கார வைத்தார்! அங்கே ஓடிய மின்விசிறியின் ஒவ்வொரு சுற்றையும் நான் எண்ணியிருப்பேன்.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள். ஸ்கேனில் ஏழு வாரம். முகம் அழுத மாதிரியும் இருந்தது, தூங்கி எழுந்த மாதிரியும் இருந்தது. ஸ்கூட்டரில் போகும்போதே சொன்னாள்: "பெத்துக்கிட்டா பிரஷர எப்படிப் பாத்துக்கிடணும், யாருட்ட காட்டணும்னு சொன்னாங்க. வேண்டாம்னா மாத்திரை எப்படி, எத்தன வாரம் வரைக்கும், எவ்வளவு வலிக்கும், எப்ப ஆஸ்பத்திரிக்கு ஓடி வரணும்னு சொன்னாங்க. மெடிக்கல் ஷாப்ல தானா வாங்கிப் போட்டுராதியன்னு ரெண்டு தடவ சொன்னாங்க. வீட்டுல யாரும் அடிக்காங்களா, மிரட்டுதாங்களான்னு கூடக் கேட்டாங்க. ரெண்டு வழியையும் ஒரே குரல்ல சொன்னாங்கக்கா. அவங்களுக்கு எது பிடிக்கும்னு கடைசி வரைக்கும் என்னால கண்டுபிடிக்க முடியல."

"என்ன முடிவு பண்ணுன?"

"இன்னைக்கே சொல்லணும்னு இல்லையாம். ரெண்டு மூணு நாள் யோசிச்சிட்டு வரச் சொன்னாங்க."

4

அந்த மூன்று நாளும் வீட்டில் மாதா பேரைச் சொல்லி ஒரே பஞ்சாயத்துதான். ஜெனிட்டாவே மாமியிடம் சொல்லிவிட்டாள். மாமி லேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "மாதா குடுத்தத வேண்டாங்கக் கூடாது. நான் இருக்கேன்லா, வளக்க மாட்டனா? மாதாட்ட என்னளா பதில் சொல்லுவ?"

"மாதாட்ட நானே பேசிக்கிடுதேன் மாமி. அதுக்கும் ஆள் அனுப்ப மாட்டேன்."

அன்று இரவே சேவியருக்கும் வாட்ஸ்அப்பில் எழுதிப் போட்டாள். கப்பலில் எப்போது சிக்னல் கிடைக்குமோ அப்போதுதான் அவன் பார்ப்பான்.

மாமியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஏனென்றால் நான் அவரை விட மோசம். சாராவுக்குப் பிறகு எனக்கு இரண்டு தடவை தங்கவில்லை. ஒன்று மூன்றாம் மாதம், இன்னொன்று ஐந்தாம் மாதம். அதெல்லாம் ஆறிவிட்டது என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெனிட்டாவின் ஸ்கேன் காகிதத்தை அவள் அலமாரியில் வைத்த பிறகு இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். ஏழு வாரத்தில் பார்க்க என்ன இருக்கிறது? ஒரு பொட்டு. அந்தப் பொட்டுக்கு நான் மனசுக்குள் பெயர் வைத்துவிட்டேன். இதை இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன், ஜெனிட்டாவும் இங்கே படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் பையன்களின் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏளா, பெத்து என்கிட்ட தா. நான் வளத்துக்கிடுதேன்."

எங்கள் குடும்பங்களில் இது நடப்பதுதான். பிள்ளையில்லாத அக்காவுக்குத் தங்கச்சி ஒன்றைக் கொடுப்பாள். எல்லாரும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். கொடுத்தவளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஜெனிட்டா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஒம்பது மாசம் சுமக்கது நான். பிரஷர் எனக்கு. பிள்ள உனக்கு. அப்ப நான் யாருக்கா, கண்டெய்னரா?"

அவள் அடுத்த சட்டையை உதறி விரித்தாள்.

"காரணம் சொல்லச் சொல்லுதிய எல்லாரும். சொன்னா காரணத்தோட சண்டைக்கு வாரிய. பிரஷர்னு சொன்னா நல்ல டாக்டர் இருக்காங்கம்பிய. வேலைன்னு சொன்னா வேலை எங்க ஓடிப் போகும்பிய. வளக்கக் கஷ்டம்னு சொன்னா எனக்குத் தாங்க. ஏன்க்கா, அங்கன நீ இப்படித்தான் வேலை பாக்கியா?"

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். வெட்கம் பாதி, அந்தப் பிள்ளைக்காகப் பாதி. வெளியே வந்தபோது ஜெனிட்டா கதவுக்கு எதிரே நின்றாள். கோபம் போயிருந்தது. "அழணும்னா அழுக்கா. உனக்கு ரெண்டு போச்சு, எனக்குத் தெரியாதா? ஆனா அது உன் அழுக. என் தலைல தூக்கி வைக்காத."

5

மூன்றாம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டாள். "முடிவு பண்ணிட்டேன். வேண்டாம். பேப்பர்ல எழுதிப் பாத்தேன், தூங்கி எழுந்தும் பாத்தேன், அதேதான். இன்னைக்கு மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

நான் தலையை ஆட்டினேன். அதைவிடப் பெரிய வேலை பின்னால் வந்தது. சேவியர் வாட்ஸ்அப்பைப் பார்த்துவிட்டிருந்தான். கப்பலில் சிக்னல் வந்ததும் பொண்டாட்டிக்குப் போன் போடாமல் எனக்குப் போட்டான். பெரியவர்கள் மூலமாகப் பேசுவதுதானே நம் வழக்கம்! நான் போனை ஜெனிட்டாவிடம் நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அவரு குரல் லேசா உடஞ்சிட்டா நான் சரின்னு சொல்லிருவேன்க்கா. எனக்கு என்னைத் தெரியும். நீ சொல்லு. அக்காவா சொல்லாத, துபாஷியா சொல்லு. கூட்டாத, குறைக்காத."

ஸ்பீக்கரைப் போட்டேன். மாமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாரா வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

"மைனி, அவ என்ன சொல்லுதா?" என்றான் சேவியர்.

ஜெனிட்டா ஒவ்வொரு வாக்கியமாகத் தணிந்த குரலில் சொன்னாள். நான் அதை எடுத்துப் போனில் சொன்னேன். விதிப்படி, "நான்" என்றே சொன்னேன்.

"எனக்கு இந்தப் பிள்ள வேண்டாம்."

என் வாய். என் குரல். ஐந்தாம் மாதத்தில் ஒன்றைப் பறிகொடுத்துவிட்டு வந்த நான் அதைச் சொன்னேன்.

"நான் நல்லா யோசிச்சிட்டேன். ஒங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல. ஒங்களுக்குத் தெரியாம செய்யக் கூடாதுன்னுதான் சொல்லுதேன். ஒங்ககிட்ட அனுமதி கேக்கல."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. ஆம்பிளைக்கு ரோஷம் வந்துவிடுமே! ஜெனிட்டா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். விடாமல் சொன்னேன்.

அந்தப் பக்கம் கப்பல் எஞ்சின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "நீங்க என்ன நெனைக்கிய மைனி?" என்றான்.

என்னிடம் ஒரு மூட்டை நினைப்பு இருந்தது. "நான் இதுல இல்ல சேவியர். நான் அவ வாயி, அவ்வளவுதான்."

"எனக்கு ஆசையாத்தான் இருந்துச்சு" என்றான். "சின்னவன் பெறந்தப்ப ஐசியூ வாசல்ல நின்னவன் நான். அவ ஒடம்பு நல்லா இருக்கணும். அதச் சொல்லுங்க."

ஸ்பீக்கரில் அவள் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இருந்தாலும் நான் திரும்பி அவளிடம் சொன்னேன்: "எனக்கு ஆசையாத்தான் இருந்துச்சு. உன் ஒடம்பு நல்லா இருக்கணும்." அப்போதுதான் கையை அவிழ்த்துப் போனை வாங்கினாள். இரண்டு பேரும் பேசட்டும் என்று மாமியைக் குசினிக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

மத்தியானம் ஆஸ்பத்திரியில் ஃபரீதா சிஸ்டர் மறுபடி அவளைத் தனியாக வைத்துக் கேட்டார். வாசலில் உட்காரும்படி இந்தத் தடவை எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டாக்டர் பார்த்தார். ஜெனிட்டா தன் கையெழுத்தைப் போட்டாள், ஆபீஸில் போடுவது போலவே கீழே தேதியும் போட்டாள். முதல் மாத்திரையை அங்கேயே கொடுத்தார்கள். மற்றதை எப்போது போட வேண்டும், எவ்வளவு இரத்தம் போனால் உடனே வர வேண்டும், மறுபடி எப்போது வந்து காட்ட வேண்டும் என்று எழுதியே கொடுத்தார்கள். இனி இப்படி ஆகாமலிருக்க என்னென்ன வழி உண்டு என்பதையும் சொன்னார்களாம்.

இரண்டாம் மாத்திரை போட்ட அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். நான் வெந்நீர்ப் பை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் குசினியிலிருந்து வெந்தயக் கஞ்சி மணம் வந்தது. மாமி கிண்ணத்தோடு வந்தார். முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது. "எனக்குப் பிடிக்கல, சொல்லிட்டேன். அதுக்காவ பட்டினி கிடப்பியா? குடி." ஜெனிட்டா குடித்தாள். சாயங்காலம் எழுந்து பையன்களின் வீட்டுப்பாடத்தைப் பார்த்தாள். பத்து நாளில் ஆபீஸ் பேச்சுக்கும் அதிகாரிகளைத் திட்டுவதற்கும் திரும்பிவிட்டாள். அவள் எப்போது உடைவாள் என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் கொஞ்சம் அழுதாள், முகம் கழுவினாள், மீன் வாங்கப் போனாள். காத்திருந்ததும் என் கோளாறுதான்.

6

இன்று பத்து மணி வேலையை முடித்துவிட்டு நனைந்துகொண்டு வந்து இதைத் தட்டச்சு செய்கிறேன். அந்த அறையில் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். கேள்வியை ஒழுங்காகக் கேட்டேன், அது போதும்.

சாராவுக்கு இப்போது பதினாறு வயது. தமிழ்ப் பூசைக்கு வர மாட்டாள், தமிழில் ஒரு வாக்கியம் தொடங்கினால் நார்வே பாஷையில்தான் முடிப்பாள். பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்பாள். அந்த இரண்டு சொல்லும் நல்ல தமிழில் வரும். சற்று முன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"என்ன எழுதுற?"

"சித்தி கதை."

"அந்தப் போன் நாளா?"

"ஆமா."

போய்விடுவாள் என்று நினைத்தேன். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பாதி தமிழும் பாதி அந்தப் பாஷையுமாகக் கேட்டாள்: "அம்மா, எனக்கு அப்படி ஒரு நாள் வந்தா நீ அம்மாவா வருவியா, துபாஷியா வருவியா?"

வாயில் நாலு பதில் வந்து முட்டியது. வாயைக் கழுவு. அப்படியெல்லாம் பேசாதே. யார் அந்தப் பையன்? மாதாவே! நாலையும் விழுங்கினேன். ரொட்டியை விழுங்குவது போல அவ்வளவு லேசாக இல்லை.

"உனக்கு எப்படி வேணும்?" என்றேன்.

அவள் மென்றுகொண்டே யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். என்னிடம் ஒன்றைச் சொல்வதற்காக அவள் யோசிப்பதைப் பார்த்து வெகு நாளாயிற்று.

"வெளிய உக்காரு. நான் கூப்பிட்டா அம்மாவா வா."

"கூப்பிடலன்னா?"

"வெளியவே இரு. போயிராத."

போக மாட்டேன் என்றேன்.